உப்புக் கிடங்கில் ஒன்றாம் வகுப்பு

என் ஆசை நைனாவுக்கு,

இன்று காலை நீ காவல் காத்த உப்புக் கிடங்கில் பள்ளிக்கூட மணி அடித்தது!

டச்சுக்காரர்கள் ஜெபம் செய்யக் கட்டிய வேதக்கோயில் அது. பிறகு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் குதிரை லாயம், பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி, கடைசியில் சர்க்கார் உப்புக் கிடங்கு. எதுவாக மாறியிருந்தாலும் நீ மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவாய். ஏன் என்று கேட்டால், "சாமி இருந்த ஊடும்மா" என்பாய்.

புயலடித்த அந்த மத்தியானம் ஏரி குப்பத்துக்குள் வந்துவிட்டது. உத்தரவில்லாமல் கதவைத் திறக்கக் கூடாது. நீ திறந்தாய். கைக்குழந்தையோடு வாசலில் தயங்கி நின்றார் பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா. "இன்னா பாத்துக்கினு நிக்கிற? புள்ளைய தூக்கிக்கினு மூட்டை மேல ஏறு!" என்று கத்தினாய். எல்லோரும் பிழைத்தோம். உப்பு கரைந்தது, உன் வேலையும் போனது. வருத்தப்பட்டாயா நைனா? ஒருநாளும் சொல்லவில்லையே.

அப்புறம் கிடங்கு பூட்டியே கிடந்தது. நீயும் போய்ச் சேர்ந்தாய். போன வருஷம், புதுவாயல் பக்கம் வரும் கம்பெனிக்கு ரோடு போட, கிடங்கை இடித்துக் கல் எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். நானும் ரோசம்மா அக்காவும் குப்பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொன்னேரி தாலுகா ஆபீசுக்குப் போனோம்.

"பழைய கட்டடம்மா, தாங்காது" என்றார் ஆபீசர்.

"புயலுக்கே தாங்குச்சு சார். எங்க உசுரு அதுக்குள்ளதான் இருந்துச்சு. நீங்களே வந்து பாருங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து வந்தது அந்தக் குரல்?

வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். சுண்ணாம்பைச் சுரண்டினால் அடியில் டச்சு எழுத்து! அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதை இடிக்க வேணாம். இங்க ஸ்கூல் வெச்சா புள்ளைங்க வருவாங்களா?" என்று கேட்டார்.

ரோசம்மா அக்கா விடவில்லை. "வராம எங்க போவும் சார்? இப்ப பள்ளிக்கோடம் போவ ரெண்டு ஓடை தாண்டணும். மழைன்னா ஒரே பேஜாரு!"

இன்றைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரில் இன்னும் உப்புப் பூக்கிறது. உன் பேத்தி அதை நக்கிப் பார்த்து டீச்சரிடம் திட்டு வாங்கினாள். குதிரை கட்டிய இரும்பு வளையங்களில் பைகள் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோசம்மா அக்கா வீட்டார் அங்கேயே ஜெபம் செய்யவும் டீச்சர் சம்மதித்துவிட்டார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். என் பொண்ணு நிற்க மாட்டாள். ஆறாவதும் இங்கேயே வேண்டும் என்று மறுபடி பொன்னேரிக்குப் போகப்போகிறேன். என்னைப் பார்த்ததும் அந்த ஆபீசர் பின்வாசல் வழியாக ஓடினாலும் சரி, அந்த வாசலில் போய் நிற்பேன் நைனா. இது சத்தியம்.

உன் மூத்த பொண்ணு,
எல்லம்மா