விசில் சாரின் இதயத் தசை

அன்புள்ள கண்ணுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வழக்கத்துக்காக எழுதும் வரியல்ல இது. இன்று காலை டாக்டரம்மா வாயாலேயே கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் இதேபோல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பாதியில் பிடுங்கிக்கொண்டு, ஒண்ணுமில்லம்மா, நான் கல்லு மாதிரி இருக்கேன் என்று முடித்துவிடுகிறார். முழுக்கதையும் உனக்குத் தெரியட்டும் என்றுதான் கடிதம்.

ரத்த அழுத்தத்தால் அவருடைய இதயத் தசை தடித்திருக்கிறது, இந்த மாத்திரை தடிப்பைக் குறைக்கும் என்று போன வருடம் டாக்டரம்மா சொன்னார் இல்லையா, அங்கேதான் வினை. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைத் தண்டால் எடுக்கவைத்த விளையாட்டு வாத்தியார், பள்ளிக்கூடமே விசில் சார் என்று அழைத்த மனிதர். அவருக்குத் தசை பெருத்தால் பலம், குறைந்தால் பலவீனம். மாத்திரையை வாயில் போடுவதுபோல் போக்குக் காட்டிக் கால்சட்டைப் பைக்குள் தள்ளியிருக்கிறார். துவைக்கும்போது பார்த்தால் பை நிறைய வெள்ளைக் கூழ். கேட்டால், வளர்ந்த தசையை யாராவது மருந்து தின்னு கரைப்பாங்களா என்று என்னையே மடக்குகிறார். அதற்குள் அழுத்தம் ஏறிவிட்டது. அடுத்த ஸ்கேனில் இதயச் சுவர் இன்னும் தடிப்பு, ஒரு பகுதிக்கு ரத்தமும் சரியாகப் போகவில்லை. இப்படியே போனால் இதயம் களைத்துவிடும், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம் என்றார்கள். உன்னிடம் போனில் பேச முடியாமல் நான் அழுதது அன்றுதான்.

அப்புறம் அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, பழைய அறிவியல் டீச்சராகவே மாறிப் பாடம் எடுத்தேன். அழுத்தம் கூடினால் இதயத்தின் ஒவ்வொரு செல்லும் இழுபடுகிறது. செல்லின் மேல்சவ்வு அதை உணர்ந்து உள்ளே சேதி அனுப்புகிறது. ஒரு மூலக்கூறு அடுத்ததைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, சேதி உட்கருவுக்குப் போய்ச் சேருகிறது. சுமை கூடிவிட்டது, பெருத்துக்கொள் என்பதுதான் சேதி. பெருத்த செல்லுக்கு ரத்தமும் கூடுதலாக வேண்டும். பிராணவாயு போதாதபோது அது வெளியே வேறொரு சேதி விடும், பக்கத்து ரத்தக்குழாய் அதைக் கேட்டு மெல்லிய கிளை விடும். இரண்டும் ஒன்றாக வளர்ந்தால் தொல்லையில்லை, தசை முந்திக்கொண்டு குழாய் பின்தங்கினால்தான் ஆபத்து. வகுப்பில் எல்லாப் பையன்களும் திடீரென்று இரண்டு மடங்கு பெருத்துவிட்டார்கள், தண்ணீர்க் குழாய் மட்டும் அதே ஒன்று என்று வையுங்கள். கடைசி பெஞ்சுக்காரன் தாகத்தில் கத்துவான், புதுக்குழாய் இழுப்பதற்குள் மயங்கி விழுவான் என்றேன். அழுத்தத்தை இறக்கி, பெருத்துக்கொள் என்ற சேதியை நடுவழியில் மறிப்பதுதான் மாத்திரையின் வேலை, உங்கள் பலத்தைத் திருடுவதல்ல என்றேன். அப்ப என் கடைசி பெஞ்சுக்காரன் இப்ப எப்படி இருக்கான் என்று கேட்டார். அன்றிலிருந்து மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் வாயைத் திறந்து காட்டுகிறார்.

இன்றைய ஸ்கேனில் சுவரின் தடிப்பு குறைந்திருக்கிறது. ரத்தம் எட்டாமல் இருந்த இடத்துக்கும் இப்போது போகிறது. ஆபரேஷன் பேச்சே வேண்டாம், மாத்திரையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அப்ப என் இதயம் சின்னதாயிடுச்சா என்று கேட்க, சின்னதாகலை சார், சரியாயிடுச்சு என்று டாக்டரம்மா சிரித்தார். வெளியே வந்ததும் நான்தான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான்தான் பாஸாயிட்டேனே, நீ எதுக்கு அழற என்கிறார்.

இது குடும்பத்தில் தொடர்கிற சங்கதி, அதனால் நீயும் இந்த வாரமே ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். நேரமில்லை என்று எழுதாதே, மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். பிறகு, ஆபரேஷன் என்றால் இங்கே வந்து நிற்க அவசரமாக எடுத்து வைத்திருக்கிறாயே டிக்கெட், அதை ரத்து செய்துவிடாதே கண்ணு. குழந்தைக்கு லீவு விடும் சமயத்துக்குத் தள்ளி வை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார நீ வரவேண்டாம். வீட்டில் எங்களோடு உட்கார வா.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா