உதட்டை மட்டும் அசை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலம் தேய்த்துக்கொள்கிறீர்களா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். இதையும் ஜன்னலோரம் நின்றபடியே எழுதுகிறேன்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் எங்கள் பாட்டு டீச்சர் பயிற்சியே ஒரு கூத்து. தினம் ஒருத்தி டீச்சர், மற்றவர்கள் எல்லாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். நேற்று ஆர்லின் டீச்சராக நின்றாள். எனக்கோ தொண்டை கட்டி, சுருதி எங்கோ போய்விட்டது.

"நீ பின்னாடி போய் நில்லும்மா. சத்தம் வேணாம், உதட்ட மட்டும் அசை," என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். பயிற்சி நடத்தும் மிஸ் ஃபில்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. "நிஜமாவே ஒரு பிள்ளைகிட்ட இப்படிச் சொன்னவங்க யாரு? கை தூக்குங்க," என்றார்.

யாரும் தூக்கவில்லை. நானும்தான்.

என் பழைய செருப்பையும் உங்கள் மிளகாய்ச் சாறு ஒரு புட்டியும் நம் டொபேகோவிலிருந்து கப்பலில் இங்கே வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இங்கே விற்பதில் காரமே இல்லை. மீன்கார டெல்மாவைப் பார்த்தால், என் வகுப்பில் படிக்கும் அவள் மகள் ஜெனெல் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் பள்ளி விழாவில் பாட்டுக்குழுவின் முன்வரிசையில் நிற்பாள் என்று சொல்லுங்கள்.

போன விழாவில், "அந்த ஜெனெல் வாயத் தொறந்து என்ன அழகாப் பாடுறா!" என்று பூரித்துப்போனீர்களே. அவள் பாடவே இல்லை, அம்மா. நான்தான் பாட விடவில்லை.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்
வெர்னா