உங்கள் தப்பால் கிடைத்த வேலை

என்னங்க,

கொஞ்சம் இப்படித் திரும்புங்கள், நல்ல சேதி. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு டிராக்டர் கம்பெனியின் சர்வீஸ் மையம். வண்டி ரிப்பேர் என்று போன் பண்ணுகிறவர்களுக்கு, மெக்கானிக் எந்த ஊருக்கு என்றைக்கு வருவார் என்று நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து வலங்கைமானில் காலை பஸ் பிடிக்கிறேன்.

சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்ன அரை மணி நேரத்தில் நீங்கள் போய், ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதுதான் தட்டில் போட்டதை முழுசாகச் சாப்பிடுகிறேன்.

திருப்பூரில் இருக்கும் என் அண்ணன் கெடு வைத்திருந்தார். "ஸ்கூல் திறக்குறதுக்குள்ள ஒரு வழி பாரும்மா. இல்லைன்னா பாப்பாவுக்கு டி.சி. வாங்கிட்டு இங்க வந்துருங்க." நல்ல மனசுதான். ஆனால் அவர் வீட்டில் இருப்பது ஒரே ஹால், அதில் ஒரு மூலை எங்களுக்கு. நம் அகிலா இந்த வருஷம் பத்தாவது. "பத்தாவதுல போயி யாராச்சும் ஸ்கூல் மாத்துவாங்களாம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் வேலை தேடுவது நம் காலம் மாதிரி இல்லை. யாரையும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. போனில் அனுப்புவதை முதலில் கம்ப்யூட்டர் படிக்கும். அதற்குப் பிடித்தால்தான் மனிதர் கண்ணுக்கே போகும். ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்குவதற்குள், "உங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம், வருந்துகிறோம்" என்று பதில் வந்துவிட்டது. அதற்குள் என்னத்தைக் கவனித்திருக்கும்? அதையும் குறை சொல்ல முடியாது. பி.காம். முடித்ததற்குப் பிறகு பதினாறு வருஷம் வீட்டில் சும்மா இருந்ததாக நானேதான் நிரப்பியிருந்தேன்.

உங்கள் அண்ணன் மகள் நிவேதா வந்து, போனிடமே சொல்லி எனக்கு ஒரு பயோடேட்டா எழுத வைத்தாள். படித்துப் பார்த்தால் யாரோ பெரிய அதிகாரி. "இப்ப எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க சித்தி" என்றாள்.

"அப்ப எல்லாரும் ஒரே மாதிரிதானேடி இருப்பாங்க?" என்றேன். ஆனாலும் அனுப்பினேன். கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்தவளுக்கு வேறென்ன யோசனை? அந்தத் தடவை தேறிவிட்டேன், இந்த டிராக்டர் கம்பெனியில் நேர்காணல் என்று சொன்னார்கள்.

நேர்காணலையும் கம்ப்யூட்டர்தான் எடுத்தது. போனில் ஒரு பெண் குரல், தெளிவான தமிழ். வணக்கம் சொன்ன கையோடு, பழக்க தோஷத்தில் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அது ஒரு நொடி நின்று, "நேர்காணலைத் தொடரலாம்" என்றது. நிவேதா வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"கோபமாக இருந்த வாடிக்கையாளர் ஒருவரை நீங்கள் சமாளித்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டது. இதற்கு நிவேதா பதில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒரு துணிக்கடை, கோபமாக ஒருவர் வந்தார், நான் பொறுமையாகப் பேசினேன், புன்னகையோடு போனார். கடகடவென்று ஒப்பித்தேன். அது விடவில்லை. "அவர் எதற்காகக் கோபப்பட்டார்?"

எனக்கு எப்படித் தெரியும்? அப்படி ஓர் ஆளே இல்லையே! திருப்பூர் ஹால் கண்முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் உங்கள் கூத்து ஒன்று ஞாபகம் வந்தது.

அந்தத் தை மாதம் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியூரிலிருந்து வரும் அறுவடை மிஷின்களை நீங்கள் வாடகைக்குப் பேசி வயல் வயலாக அனுப்பிக்கொண்டிருந்த நேரம். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மகராசன், கையிலிருந்த ஒரே பெல்ட் மிஷினை ஒரே நாள் காலைக்கு இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டீர்கள். முந்தின நாள் மழை பெய்து வயலெல்லாம் சேறு, பெல்ட் மிஷின்தான் இறங்கும், டயர் வண்டி புதைந்துவிடும். இரண்டு பேர் நெல்லும் சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் வழக்கம்போலப் போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் நழுவிவிட்டீர்கள்.

அதை அப்படியே அந்தக் குரலிடம் சொன்னேன். "தப்பு எங்களோடதுங்க. ரெண்டு பேருகிட்டயும் மறைக்காம சொல்லிட்டேன். ஒருத்தரு கிழிகிழின்னு கிழிச்சாரு, முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டேன். அப்புறம் யார் வயல்ல தண்ணி நிக்குது, யார் நெல்லு முதல்ல முளைக்கும்னு விசாரிச்சேன். பள்ளத்து வயலுக்கு மிஷினை முதல்ல அனுப்புனேன். மேட்டு வயல்காரருக்கு, இப்ப மிஷின் எங்க நிக்குதுன்னு மணிக்கு ஒருதரம் நானே கூப்பிட்டுச் சொன்னேன். சாயங்காலம் அவருக்கும் அறுத்தாச்சு." குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டது. போச்சு, தப்பை ஒத்துக்கொள்கிறவளை யார் வேலைக்குச் சேர்ப்பார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நிஜமாகவே ஒரு மனுஷி பேசினார், அங்கே மேலாளர். "நீங்க பேசுன பதிவைக் கேட்டேங்க. மத்தவங்க சொன்னதுல எல்லாம் வாடிக்கையாளர் சிரிச்சுக்கிட்டே போயிடுறாரு. தப்பு எங்களோடதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. இங்க தினமும் அதைச் சொல்லத்தாங்க ஆள் வேணும்" என்று சிரித்தார். எத்தனை வருஷம் அந்த வேலை பார்த்தேன் என்று கேட்டார். விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் சொன்னேன். "பதினோரு சீசன்ங்க."

மேலாளர் வந்து சேரச் சொல்லிவிட்டார். உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். "அப்ப டி.சி. வாங்க வேண்டாமா?" என்றார். "வேண்டாம்ணே" என்றேன். "நல்லதும்மா" என்றபோது அவருக்கும் பாரம் இறங்கியதுபோலத்தான் இருந்தது. அகிலா பக்கத்தில் புத்தகத்தை விரித்துப் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர்.

மிஷின் தகராறு நடந்த அன்றைக்குக் கொல்லைக்கு வந்து உங்களைத் திட்டித் தீர்த்தேன், மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் போன பிறகும் கோபம்தான், எங்களை இப்படி நடுவழியில் விட்டுவிட்டீர்களே என்று. அதெல்லாம் இப்போது எங்கே போனது? தேடிப் பார்த்தும் காணோம்.

நேற்று சேருவதற்குக் கையெழுத்துப் போடப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி யார் என்று ஒரு கட்டம். உங்கள் பெயரை எழுதினேன். போதும், தலைகால் தெரியாமல் ஆடாதீர்கள். அதற்கு அடுத்த கட்டம், விலகிய காரணம். அதை எழுதாமல் நீட்டினேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "இதையும் எழுதிருங்கக்கா" என்றாள்.

"நான் விலகலைம்மா. அவருதான் போயிட்டாரு."

அவள் அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கீழே முத்திரை குத்தினாள்.

இனி யார் கேட்டாலும் வீட்டில் சும்மா இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். உங்களோடு வேலை பார்த்தேன் என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

என்றைக்கும் உங்கள் சம்சாரம்,
அகிலாவின் அம்மா