குரங்குகள் எழுதிய பரீட்சை

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து தூறல். வெள்ளைச் சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடே போட்டுக்கொண்டு போனேன்.

சித்திரப் பாடம். முகமூடி செய்தோம். பழைய மாதிரி வினாத்தாள்களைக் கிழித்து, கோதுமை மாக் கூழில் தோய்த்து, ஊதிய பலூன் மேல் அடுக்கடுக்காக ஒட்டுவது. போன தவணை நான் செய்த கணித வினாத்தாளும் அதில் போனது. ஒரு பின்னக் கணக்கு சிங்கத்தின் நெற்றியில் இருக்கிறது. சரி அடையாளத்தோடு.

சிங்கம், யானை, மயில், நரி. காட்டில் ஒரு கல்யாணம் என்று நாடகம். எழுதியது நான். நடிக்கமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மேடையில் நின்றால் கைகளை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறாள். எனக்குப் பக்கத்துக் கதிரை. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். சித்திரப் பாடத்தில் மட்டும் வேறு ஆள். "யானைக்கி இந்தக் காது பத்தாது மிஸ், இன்னும் கொஞ்சம் கூழ் ஊத்துங்க" என்று மிஸ்ஸையே வேலை வாங்கினாள்.

சித்திரம் எடுக்கும் வதனி மிஸ் யாழ்ப்பாணம். இந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கோபம் வந்தாலும் "பிள்ளையள்" என்றுதான் தொடங்குவார்.

பாடம் முடியப்போகும்போது அதிபர் வந்தார். புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை சித்திரப் பாடத்தை நிறுத்தி, அந்த நேரத்தில் பேப்பர் செய்விக்கும்படி எங்கள் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் கேட்கிறார்களாம். அடுத்த வெள்ளி கூட்டத்தில் முடிவு.

மிஸ்: "அப்ப அந்தக் கூட்டத்திலயே பிள்ளையள் நாடகம் போடட்டும் சேர். பாத்திட்டு முடிவெடுக்கட்டும்."

அதிபர் (யோசித்துவிட்டு): "பத்து நிமிஷம். அதுக்கு மேல இல்ல."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பெற்றோர் குழுவுக்குத் தலைவர் என் அப்பா.

ஜூன் 12, வியாழன்

வெயில்! முகமூடி காயட்டும் என்று பின் மதிலில் வரிசையாக வைத்துவிட்டு வகுப்புக்குப் போனோம். மதிலுக்கு அப்பால் காடு.

சாப்பாட்டுப் பெட்டியை ஜன்னலோரம் வைக்கக்கூடாது என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முகமூடி கோதுமை மா, கோதுமை மா சாப்பாடு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குரங்குகளுக்குத் தோன்றியது.

சத்தம் கேட்டு ஓடினால், பெரிய கடுவன் ஒன்று சிங்கத்தை மடியில் வைத்து உள்பக்கத்தை நக்கிக்கொண்டிருக்கிறது. மயிலுக்குள் தலையை விட்ட குட்டி ஒன்று கண் தெரியாமல் மதிலிலிருந்து விழுந்தது. யானைக்குக் காதே இல்லை. ஒரு தாய்க் குரங்கு கிழிந்த வினாத்தாளை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

எங்கள் வகுப்பு ஸஹ்ரா: "இங்க பாரு புள்ள, அது பேப்பர் செய்யிது!"

சிரித்தோம். ஸ்டெல்லா அழுதாள். அந்தக் காதுக்கு இரண்டு பாடவேளை உழைத்திருந்தாள்.

மிஸ் அதட்டவில்லை. குரங்கைத் துரத்தவும் இல்லை. "அழுதது காணும். சத்தம் போடாமல் வடிவாப் பாருங்கோ. கை என்ன செய்யுது, வால் எங்க போகுது, சண்டைக்கு முன்னம் முகம் எப்பிடி மாறுது. பாத்துக் கீறுங்கோ."

கீறினோம். சுற்றாடல் பாட வினாத்தாளில் குரங்கைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் நான் சரியாகப் புள்ளடி போட்டிருக்கிறேன். ஆனால் அது உட்காரும்போது முழங்கால் காதுக்கு மேலே வரும் என்பதை இன்றுதான் பார்த்தேன். தினமும் பார்க்கிற குரங்கு!

ஜூன் 13, வெள்ளி

புது நாடகம். முகமூடி இல்லை, நேரமும் இல்லை. கல்யாணம் வேண்டாம், குரங்கே போதும் என்று ஸ்டெல்லாதான் சொன்னாள்.

கதை: குரங்குகளுக்கு ஒரு கட்டு வினாத்தாள் கிடைக்கிறது. என்ன செய்வது என்று தெரியாமல் பள்ளிக்கூடம் தொடங்குகின்றன. பரீட்சை முடியும்வரை ஒருவரும் பாயக்கூடாது என்று சட்டம். நன்றாகப் பாயும் குட்டி ஒன்று கிளையில் உட்கார்ந்து பேப்பர் செய்கிறது, செய்கிறது, செய்துகொண்டே இருக்கிறது. ஒருநாள் கிளை முறியும் சத்தம். எல்லாம் பாய்ந்துவிடுகின்றன. குட்டிக்கு மட்டும் எப்படிப் பாய்வது என்று மறந்துவிட்டது. அப்பாக் குரங்கு எதிர்க் கிளையிலிருந்து "பாயு!" என்று கத்த, குட்டி பாய்கிறது.

குட்டி ஸ்டெல்லா. டீச்சர்க் குரங்கு ஸஹ்ரா. மற்ற எல்லோரும் கூட்டம்.

அப்பாக் குரங்குக்கு ஒரு வசனம் எழுதினேன்: "நீ வாங்குனது கெடக்கட்டும். பக்கத்து மரத்துப் புள்ளைக்கி எத்தன?" வகுப்பே சிரித்தது. எல்லோர் வீட்டிலும் இதுதான் போலும்.

யார் அப்பா? ஒருவருக்கும் சரிவரவில்லை.

ஸ்டெல்லா: "தர்ஷினி, நீயே செய்யி. ஒங்கப்பா பேசுறது ஒனக்குத்தானே வரும்."

முடியாது என்றேன். மிஸ் என் பெயரை எழுதிவிட்டார்.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். வெயில், பிறகு மழை, பிறகு வெயில். மஹய்யாவச் சந்தியில் அப்பா இரண்டு பேரை நிறுத்தி, சித்திரப் பாடத்தை நிறுத்தக் கேட்கும் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். இப்போது அநேகமாக எல்லாப் பெற்றோரும் போட்டாயிற்று.

"என் மகளையே பாருங்க, பேப்பர் செஞ்சு செஞ்சுதான் முன்னுக்கு வந்திச்சு" என்று என்னைக் காட்டினார். தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் கேட்டேன். "அப்பா, சித்திரப் பாடம் இருந்தா என்னா?"

"படம் கீற வாழ்க்கை பூரா நேரம் கெடக்கும்மா. பரீட்சை ஒரு தடவதான்."

சொல்லிக்கொண்டே வாழைப்பழத்தை உரித்து என் கையில் வைத்தார். எப்போதும் அப்படித்தான். திட்டும்போதும் ஏதாவது உரித்துக்கொண்டிருப்பார்.

வெள்ளிக்கிழமை முன்வரிசையில் இருக்கப்போகிறார். அந்த வசனத்தைக் கேட்கப்போகிறார்.

ஜூன் 17, செவ்வாய்

மிஸ்ஸிடம் போய், அந்த வசனத்தை எடுத்துவிடலாம் என்றேன்.

"அப்பாவைப் பகிடி பண்ணவோ எழுதினனீர்?"

"இல்ல மிஸ். அவர் அப்பிடித்தான் கேப்பார். கேட்டுட்டுப் பழம் உரிச்சுத் தருவார்."

"அப்ப அதையும் போடும். பாதி அப்பாவை மேடையில ஏத்தினால் அதுதான் பிழை."

உரித்துப் பார்த்தேன். பழம் இல்லை, சும்மா காற்றில். உரித்துக்கொண்டே "பக்கத்து மரத்துப் புள்ளைக்கி எத்தன?" குரல் தானாக வந்தது! கைகளுக்கு வேலை கொடுத்தால் போதும் போலிருக்கிறது. கூட்டக் குரங்குகள் சிரித்து உருண்டன. ஸஹ்ரா நிஜமாகவே கதிரையோடு விழுந்தாள்.

ஜூன் 18, புதன்

கூட்டம் முடியும்வரை என்று சித்திரப் பாட நேரத்தில் பேப்பர் செய்வித்தார்கள். நான் முதலில் முடித்தேன். ஸ்டெல்லா முழு நேரமும் தரையைப் பார்த்தாள்.

இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

வென்றோம் வென்றோம் வென்றோம்.

ஒழுங்காக எழுத வேண்டும்.

மழை. மண்டபத்தின் தகரத்தில் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. அப்பாவும் அம்மாவும் முன்வரிசை, அப்பாவின் மடியில் கையெழுத்துக் காகிதம். ஸஹ்ராவின் வாப்பா அக்குறணையில் பேக்கரி வைத்திருக்கிறார். பாண் சுடுகிற போறணை அடுப்பின் கரி கொடுத்தனுப்பினார். முகத்தில் அதுதான். வால், பழைய கயிறு.

மழைச் சத்தத்தில் ஸஹ்ராவின் முதல் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன். ஆனால் குரங்குகள் உட்கார்ந்தன: முழங்கால் காதுக்கு மேலே, தலை சாய்த்து, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து. சிரிப்புத் தொடங்கிவிட்டது. வசனமே தேவைப்படவில்லை.

என் முறை. உரித்தேன். மழையை மீறிக் கத்தினேன். "பக்கத்து மரத்துப் புள்ளைக்கி எத்தன?"

மண்டபம் அதிர்ந்தது. ஒரு அம்மா தன் பக்கத்தில் இருந்தவரின் தொடையில் அடித்தார்: "இது நீங்கதான், நீங்களேதான்!" அப்பா சிரிக்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கிளை முறிந்தது. எல்லோரும் கிளை என்று போட்டிருந்த மேசைகளிலிருந்து பாய்ந்தார்கள். ஸ்டெல்லா மட்டும் மேலே, பேப்பரைப் பிடித்தபடி. இப்போது நான் "பாயு!" என்று கத்த வேண்டும். அப்பாவைப் பார்த்தேன். வசனம் போய்விட்டது.

ஸ்டெல்லா காத்திருந்தாள். மேசை நுனிக்கு ஒரு அடி வைத்தாள், பின்வாங்கினாள், நடிப்பா நிஜமா தெரியாது. மழை மட்டும்.

பின்னாலிருந்து ஒரு குரல். "அடியே, பாஞ்சிரு புள்ள!"

ஸ்டெல்லாவின் அம்மா. கொழுந்து பறிக்கப் போகாமல் வந்திருந்தார். உடனே இன்னொருவர் "பாயு!" பிறகு எல்லோரும். "பாயு! பாயு!" அப்பா எழுந்து நின்றார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு, பிடிக்கப்போகிறவர் மாதிரி, "பாயும்மா!"

பாய்ந்தாள். அப்படி ஒரு பாய்ச்சல்! என் மேல் வந்து விழுந்தாள். இரண்டு பேரும் உருண்டோம். முழங்கை உரசல். கைதட்டலில் மழை கேட்கவில்லை.

அதிபர் அப்பாவைப் பேசச் சொன்னார். அப்பா காகிதத்தை விரித்தார். மடித்தார்.

"நாங்க கேட்டது புள்ளைங்க நல்லதுக்குத்தான். ஆனா புதன்கிழம சித்திரப் பாடத்த அப்பிடியே விட்டுருவோம்."

பின்னால் ஒருவர்: "அப்ப கூத்தாடி மார்க்ஸ் எடுக்கச் சொல்றீங்களா?"

அப்பா: "நான் அந்த வயசில பேப்பர் மட்டுந்தாங்க செஞ்சேன். ஃபெயில்."

இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது என்று முகத்தில் தெரிந்தது.

கை உயர்த்தச் சொன்னார் அதிபர். அநேகமாக எல்லாக் கையும். சித்திரப் பாடம் இருக்கும்! ஆனால் அப்பா உட்காரவில்லை. "பேப்பர சனிக்கிழம காலையில வச்சிக்குவோம்." குரங்குகள் எல்லாம் சேர்ந்து "ஐயோ!"

வதனி மிஸ் அழுதுகொண்டே சிரித்தார். "ஓம், ஓம், சனிக்கிழமையும் வாறன்."

அம்மா முன்னால் தன் குடையில் போக, அப்பாவும் நானும் வீட்டுக்கு ஒரே குடையில் நடந்தோம். சந்தி வந்ததும் அப்பா:

"அந்த அப்பாக் கொரங்கு பழம் உரிக்கிறது பிழை."

"ஏன் அப்பா?"

"நான் அடியிலிருந்து உரிப்பேன்."

ஜூன் 25, புதன்

மேகம். மழை வரும்.

முதல் பாடம் கணிதம். கேள்வி ஸ்டெல்லாவுக்கு வந்தது. எழுந்தாள். தரையைப் பார்க்கவில்லை. விடை சொன்னாள். பிழையான விடை. கடைசி வரிசைவரை கேட்டது. கணித சேர், "பிழை. ஆனா எப்பிடி வந்திச்சு, சொல்லு பாப்போம்" என்றார். சொன்னாள்! பாதி வழிவரை சரியாகத்தான் போயிருக்கிறாள்.

அடுத்தது சித்திரம். சாயம் கரைத்தாயிற்று. காலையில் நான் படியிறங்கும்போது அப்பா கூப்பிட்டு, தான் கந்தோர் வேலைக்குப் போட்ட பழைய சட்டையைப் பையில் திணித்தார். "வெள்ளை யூனிஃபோம்ல சாயம் பட்டா போகாது. இதை மேல போட்டுக்க. இதுல எவ்வளவு பட்டாலும் பரவாயில்ல." போட்டுக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. கையை மூன்று மடிப்பு மடித்தும் விரல் நுனி மட்டும்தான் வெளியே வருகிறது. ஸ்டெல்லா உள்ளங்கையை நீலத்தில் முக்கிவிட்டு என் முதுகைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஐயோ, முதுகில் ஈரம்!