நீலப் புகை

என் சிட்டுவுக்கு,

இங்கே அப்பா, தம்பி, நான் எல்லாரும் சௌக்கியம், நீயும் இருமல் விட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் வீட்டிலிருந்து சூப் வந்ததாம், போர்வை வந்ததாம், எல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும், சந்தோஷம். அவர்களுக்கும் என் வயதுதானாமே. நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வேதியியல் கடைசிப் பரீட்சைக்குப் படித்தபோது அவர்கள் மேலே படிக்கப் போயிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் பந்தின் மேல் பழியைப் போடுகிறான்.

போன வாரம் நீ போனில், மேடம் அந்த உறையை எடுத்துடச் சொன்னாங்கம்மா என்றதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் தூசி படியக் கூடாதென்று வெள்ளைத் துணி வாங்கி, மெத்தென்று ஆகும்வரை துவைத்துத் துவைத்து, நானே தைத்து அனுப்பியது. செல்லின் நடுவில் மட்டும் நீலமாக மின்ன வேண்டிய படத்தில் பின்னணி முழுக்க நீலப் புகை, அறை விளக்கை அணைத்தாயிற்று, சாயத்தை நன்றாகக் கழுவியாயிற்று, எதற்கும் புகை போகவில்லை, அடுத்த மாதக் கூட்டத்தில் சுத்தமான படம் காட்டாவிட்டால் ஒரு வருட வேலையும் வீண் என்று நீ அழுகிறாய், எனக்கோ உறைதான் பெரிதாகப் பட்டது. புதுசாக வந்த சாமான் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்கலாம் என்றார்களாமே, அம்மா கொடுத்ததை ஒதுக்க நல்ல சாக்கு என்று அப்பாவிடம் பொருமினேன். அவங்க என்ன உனக்குச் சக்களத்தியா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர்கள் சொன்னது தப்பென்று காட்டத்தான் மிச்சத் துணியை வேலைக்கு எடுத்துப் போனேன். துணிகளின் வெளுப்பை ஒப்பிட எங்கள் ஆலையில் புற ஊதா விளக்குப் பெட்டி இருக்கிறதே, நான் நாள் முழுக்கத் தலையை விட்டுக்கொண்டிருப்பது, அதில் வைத்தேன். நீலமாக எரிந்தது சிட்டு. உதிர்ந்த நூல்தூசுகூட ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. பளிச்சென்று தெரிய சோப்புத்தூளில் கலக்கிறார்களே, அந்தப் பொருள்தான், உன் சாயமும் அதே நீலம், உறையிலிருந்து உதிர்ந்ததுதான் உன் படத்தில் புகையாக வந்திருக்கிறது. என் பெட்டிக்குள் தினமும் பார்க்கிறதுதான், உன் மேஜைக்குப் போனதும் என் புத்திக்கு எட்டவில்லை.

உறையைத் தூக்கிப் போட்டுவிடு, என்னை நினைத்து உன் துணிப் பெட்டியில்கூட வைக்காதே. பிளாஸ்டிக் உறையே போதும். மைக்ராஸ்கோப்பின் மேடையையும் லென்ஸையும் அதற்கென்று இருக்கிற தாளால் மட்டும் துடை, ஸ்லைடுகளைப் புதிதாகப் போடு. நான் கட்டிக் கொடுத்த சோப்புத்தூளில் உன் வெள்ளைக் கோட்டைத் துவைக்காதே, கோட்டுக் கையின் விளிம்பிலிருந்தும் தூசு உதிரும். மேடம் சரியாகத்தான் சொன்னார்கள் என்று நான் ஒத்துக்கொண்டதை அவர்களிடம் சொல்ல வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா என்பதை மட்டும் சொல்.

நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. வேளைக்குச் சாப்பிடு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே, சுத்தமான படம் வந்ததும் முதலில் எனக்கு அனுப்பு, பிறகு அவர்கள் கதவைத் தட்டு. பக்கத்திலேயே நிற்பார்களே என்று சொல்லாதே, அவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து எடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா