அப்பா சொல்லப்போகும் சாட்சி

லாபு,
வியாழன் மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவும் நலம். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்கும், அதனால் மின்னஞ்சல்.

குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை. சிரம்பானில் பார்த்த டாக்டர், நாம் எடுத்த இரத்த அறிக்கையைப் புரட்டிவிட்டு, புகைப்பீர்களா என்று முதலில் கேட்டார். புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே அந்தப் புற்றுநோய்க் குறியீடு சற்றுக் கூடுதலாகவே இருக்கலாமாம். உடம்பில் ஒரு குறையும் சொல்லாதவருக்கு இதை எடுக்கச் சொன்னது யார் என்று அடுத்துக் கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "நான்தான் ஆசப்பட்டு எடுத்தேன் டாக்டர்" என்றார். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எதையும் விடாதே, எல்லாவற்றையும் எடு என்று அயர்லாந்திலிருந்து நீ எழுதியிருந்தாய். நீ டாக்டர். எதற்கு என்று நான் கேட்கவில்லை. லேபில் குழாய் குழாயாக இரத்தம் எடுத்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இரத்த முடிவு வந்த அன்றே, அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அம்மா எஸ்டேட் சிற்றாலயத்தில் சொல்லிவிட்டார். உனக்குத் தெரியாததா? செபக்குழு வீட்டுக்கே வந்துவிட்டது. வாரக்கணக்கில் நம் ஹாலில் செபமாலை. அப்பாவை நடுவில் உட்காரவைத்து ஆளாளுக்குத் தலையில் கை வைத்தார்கள். சாப்பாடு குறைந்துபோயிற்று. ஒருநாள் என்னிடம் தனியாக, "ராய்ஸ்டன் வர்ற வரைக்கும் தாங்குமான்னு அவன்கிட்டயே கேட்டுச் சொல்லேம்மா" என்றார். அதை உனக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

இப்போது எல்லோரும் அற்புதம் என்கிறார்கள். செபக்குழுத் தலைவர் புனிதன் மாமா வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். "தேவதாசு, ஞாயித்துக்கிழமை பூசையில நீ சாட்சி சொல்லணும்லா. கான்சரே ஒன் ரொக்கோப் புகை நாத்தம் தாங்காம ஓடிருச்சு பாரு!" அம்மா சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார்.

நோயே இருக்கவில்லை, தேவையில்லாத சோதனை எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள் என நேற்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். தலையாட்டி மறுத்தார்.

"சொன்னா, யாரு எடுக்கச் சொன்னான்னு கேப்பாங்க. டாக்டர் மகன் தப்பா சொன்னான், படிச்ச புள்ள யோசிக்காம கூட்டிட்டுப் போச்சுன்னு என் வாயால சொல்லணுமா? விடும்மா. கடவுள் என்னை மன்னிச்சிருவாரு."

பீடத்தின் முன் அப்பா பொய் சொல்லி நாம் பார்த்ததில்லை. நமக்காகச் சொல்லப்போகிறார்.

நான் சொன்னால், பெருந்தன்மைக்காகப் பழியை ஏற்கிறேன் என்று நினைக்கிறார். நீ சொன்னால் நம்புவார். சனிக்கிழமைக்குள் அவரைக் கூப்பிடு அண்ணா. மருத்துவ விளக்கமெல்லாம் வேண்டாம். அந்தச் சோதனை தேவைப்படவில்லை, தவறு எங்களுடையது, அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்று மட்டும் சொல். அவர் சொல்லும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.

ஆண்டவர் அங்கே உன்னைக் காப்பாராக. இங்கே அப்பாவை நம்மிடமிருந்து காப்பாராக.

உன் தங்கை,
ஜூலியானா