ஐந்தரைக்கு எழுந்து போகிறவள்

12 ஜூன் 1995, திங்கள்

காலையிலிருந்தே மழை. மஸ்ஜித் தானாவிலிருந்து செங் ஆபீசுக்கு வந்து சேர்வதற்குள் காலுறை வரை ஈரம். கம்ப்யூட்டர் அறையில் ஏர்கோன் குளிர் வேறு.

ஸ்டோர் சரக்குப் புரோகிராம் முடிந்தது. கெடு வெள்ளிக்கிழமை. பழைய சரக்குப் பட்டியல்களைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரி. ஆபீஸ் முடியும் 5.30க்குப் பையை எடுத்தேன்.

மேனேஜர் குணா சார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "என்ன தேவகி, அர நாள் லீவா?"

பக்கத்து மேசை ராஜு சிரித்தான். தினமும் எட்டு மணி வரை இருக்கிறவன். மத்தியானம் பூராவும் பேப்பர் படிக்கிறவன்.

13, செவ்வாய்

கேண்டீனில் சரஸ் அக்கா காதோடு சொன்னார். பெர்சனல் பிரிவில் இருப்பதால் அவருக்கு எல்லாம் தெரியும். என்னை நிரந்தரமாக்கும் மதிப்பீட்டுப் பாரத்தில் குணா சார் "ஈடுபாடு குறைவு" என்று எழுதியிருக்கிறாராம். அப்படியே மேலே போனால் வேலை போய்விடும்.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் சீக்கிரம் போறேன்னு சொல்லிடு லா. யாரு வந்து பாக்கப் போறா?"

அம்மா சுங்கை ரம்பாய் ரப்பர் தோட்டத்தில் இன்னமும் பால்மரம் வெட்டப் போகிறார். பொய்யாக அவரைப் படுக்கையில் போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டுமா? மாட்டேன்.

வாங்க வேண்டியது: சவர்க்காரம், நெத்திலி, பேனா மை.

14, புதன்

நேரே குணா சார் அறைக்கே போனேன்.

"சார், அஞ்சரையிலேருந்து எட்டு வரைக்கும் நான் என்ன செய்யணும்? வேலை இருந்தா குடுங்க."

"வேலை இல்ல லா, மனசு. எல்லாரும் இருக்காங்க, நீ மட்டும் கெளம்பிடுற. மேல உள்ளவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நாளைக்கு என் பக்கத்துல வந்து ஒக்காந்து பாருங்க சார். அப்புறமா எழுதுங்க."

சொல்லிவிட்டேன். வெளியே வந்து தண்ணீர் குடித்தேன், இரண்டு கோப்பை.

15, வியாழன்

நல்ல வெயில். வந்தேவிட்டார், நாற்காலியோடு!

முதல் ஒரு மணி நேரம் கீபோர்டைத் தொடவில்லை. அடுத்த புரோகிராமுக்குத் தாளும் பென்சிலும்தான்.

"டைப் அடிக்க மாட்டியா?"

"எங்க தப்பு வரும்னு தேடுறேன் சார். இப்ப பாத்தா பத்து நிமிசம். அப்புறம் பாத்தா ரெண்டு நாளு."

போன் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. ராஜு கறிபாப் சாப்பிடக் கூப்பிட்டான். போகவில்லை. பதினோரு மணிக்குக் குணா சாருக்குக் கொட்டாவி.

"நாள் பூரா இப்படியேவா? மண்ட காஞ்சிடாது?"

"காயும் சார். அதான் அஞ்சரைக்குப் போறேன்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

16, வெள்ளி

பாரம் கைக்கு வந்தது. "ஈடுபாடு குறைவு" சிவப்பு மையில் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு வார்த்தையும் இல்லை, பாராட்டும் இல்லை. வேலை நிரந்தரம். கையெழுத்துப் போட்டேன்.

5.25க்குக் குணா சார் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். "இத கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்."

"அவசரமா சார்?"

யோசித்தார். ராஜு பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தான்.

"இல்ல... திங்கக்கெழம போதும்."

திங்கட்கிழமை பார்ப்பேன்.